வாசலில் நான் இடித்த சாய்வு

பாப்பா,

உன் அண்ணனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று வடமதுரைக்காரர்கள் நம் தோட்டத்து வீட்டைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, ஊன்றுகோலோடு வந்த சித்தப்பா, தாய்மாமன், அவர் மனைவி, நடுவில் நின்று பேசிய தரகர், வேன் ஓட்டி வந்தவர். நம் பக்கம் உன் அப்பா, அண்ணன், நான். இதை ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. என் கணக்கு நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே அப்படியே இருக்கிறது: வந்தவர் ஒன்பது, வீட்டார் மூன்று, ஆக பன்னிரண்டு, டம்ளர் பன்னிரண்டு. போன வாரம் பழைய நோட்டுகளை வெயிலில் காயப்போட்டபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். செபப் புத்தகத்தையும் பொட்டலம் மடித்த தாள்களையும் எழுத்துக்கூட்டிப் படித்து, கணக்கு எழுதத் தானாகக் கற்றுக்கொண்டவள். பால்காரரிடம் ஒரு நாள் பால்கூட என் கணக்கில் தப்பியதில்லை. அத்தனை நோட்டிலும் நான் போட்ட தப்புக் கணக்கு அது ஒன்றுதான். வீட்டார் மூன்று பேர் இல்லை, நான்கு பேர். தெரிந்தேதான் போட்டேன்.

உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன். முதலிலிருந்து வந்தால்தான் என்னால் அந்த இடத்துக்கு வந்து சேர முடியும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்பு மையில் திருத்திக்கொள்.

தொண்ணூற்று மூன்றில் அப்பா இந்த வீட்டைக் கட்டினபோது உனக்குப் பதினெட்டு வயது. வேடசந்தூர் மில்லில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவு வேலை பார்த்து, இரண்டு ஏக்கர் வாங்கினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தோட்டத்தில் ஓட்டு வீடும் மோட்டார் ரூமும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஏதோ ஒரு பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, கான்கிரீட் தட்டுத்தளம், மொசைக் தரை, அகலமான கண்ணாடி ஜன்னல் என்று கட்டினார். ஊரில் "மல்லிகைக் கொல்லைக்கு நடுவுல பங்களாவா?" என்று சிரித்தார்கள். அந்தப் படத்தில் இல்லாத ஒன்றையும் அவர் கட்டினார், வாசலில் படிக்குப் பதிலாக உன் வண்டி ஏற ஒரு சாய்வு. தரை மட்டம் இரண்டடி உயரம். ஒன்றரை வயதில் வந்த போலியோ காய்ச்சலில் உன் இரண்டு கால்களும் போனபிறகு, டவுனில் இருந்த வாடகை வீட்டில் உன்னை நான்தான் இடுப்பில் தூக்கிப் படி ஏற்றி இறக்கினேன். கல்லூரிக்குப் போகும் வயதிலும் தூக்கினேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய். இந்த வீட்டில் அது வேண்டாம் என்று அப்பா சொன்னார்.

அந்தச் சாய்வை அவர் போட்ட விதம் உனக்கு மறந்திருக்காது. கொத்தனாரிடம் விடவில்லை. மூன்று பலகையைச் சேர்த்து ஆணி அடித்து, ஒரு முனையை வராந்தாவிலும் மறு முனையைத் தரையில் செங்கல் அடுக்கிலும் வைத்தார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் உன்னை உட்கார வைத்து, "ஏறு பார்ப்போம்" என்றார். நான் பின்னாலிருந்து தள்ளப் போனேன். "யாரும் தொடக் கூடாது. அவ கை போதுமான்னு பாக்கத்தான இம்புட்டும்" என்று என்னை அதட்டினார். பலகையைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"இப்ப வருதா?"

"இல்லப்பா, பாதில நிக்குது."

"இப்ப?"

"வருது, ஆனா தோள்பட்ட புடுங்குது."

"அப்ப அது வேணாம். தெனம் நாலு தடவ ஏறணும்ல?"

சாயங்காலம் வரை இந்தப் பேச்சுத்தான். கடைசியில் நீ மூச்சு வாங்காமல், ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தாய். அப்பா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். மறுநாள் அந்த அளவுக்குச் செங்கல் வைத்துப் பூசி, சிமெண்ட் காய்வதற்கு முன் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே கோடு கோடாக இழுத்துவிட்டார், மழையில் சக்கரம் வழுக்காமல் இருக்க. வீட்டு முகப்பு முழுக்க அந்தச் சாய்வுதான். வாசலுக்குள் நுழைந்தவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். எட்டு வருடம் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிய ஆரம்பித்தது.

அண்ணனுக்கு இருபத்தெட்டு ஆனது. இரண்டு இடம் வந்து தட்டிப் போனது. தரகர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. பையன் தங்கம். தோட்டம் இருக்கு, வீடு இருக்கு. ஆனா கேக்குறவங்க, வர்ற மருமக தலையில வேற பொறுப்பு எதும் விழுமான்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?" பொறுப்பு என்ற அந்த வார்த்தை எனக்குக் கோபத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, முதல் மாதச் சம்பளத்தில் எனக்குக் கைக்கெடிகாரம் வாங்கிக் கொடுத்த பிள்ளையை அந்த ஆள் பொறுப்பு என்கிறான். நான் கோபப்படவில்லை. இன்னொரு பணியாரம் எடுத்து வைத்தேன். "மக டவுன்ல டீச்சரா இருக்கா. அவளோட பாடு அவளுது" என்றேன். பொய் இல்லாத வார்த்தையாகத் தேடிப் பொறுக்கிச் சொன்னேன். இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டைக் கொஞ்சம் மாற்றிக் கட்டலாம், நாளைக்கு மருமகள் பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் பெருகினால் நிரந்தரமாக இருக்கிற வீடாக வேண்டாமா என்று நான்தான் பேச்செடுத்தேன். அதில் தப்பில்லை. கூடுதலாக ஒரு அறை, சமையல்கட்டில் டைல்ஸ், முன்னால் இரண்டு தூண் வைத்த போர்டிகோ. கருப்பையா கொத்தனார் வேலையை ஆரம்பித்து மூன்றாம் நாள், அப்பா மில்லுக்குப் போன பிறகு, "முன்னாடி இருக்கிற இந்தச் சாய்வ எடுத்துட்டு கிரானைட்ல படி வச்சிருங்க" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏக்கா, பாப்பா வண்டி போற எடம்ல?"

"காரு நிக்க எடம் வேணும்."

"நம்ம வீட்டுல ஏதுக்கா காரு? மில்லுக்குப் போற அண்ணன்கிட்ட டிவிஎஸ் பிப்டிதான இருக்கு."

"வர்றவங்க காரு."

"வர்றவங்க செத்த நேரம் நிப்பாங்க, போயிருவாங்க. இது தெனம் போற வர்ற பிள்ளையாச்சே." நான் படி வர வேண்டிய இடத்தைக் கையால் காட்டினேன். "அப்ப பின்னால சமையக்கட்டுப் பக்கம் ஒண்ணு போட்ருவமா?" என்று கேட்டார். "அப்புறம் பாப்போம்" என்றேன். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

உன்னிடம் என்ன சொன்னேன்? சிமெண்ட் தூசி, உனக்கு இருமல் வரும், வேலை முடிகிற வரை உன் கல்லூரிச் சிநேகிதி நூர்ஜகான் வீட்டில் பேகம்பூரில் இரு, பள்ளிக்கூடத்துக்கும் பக்கம் என்றேன். நீ சந்தோஷமாகத்தான் போனாய். சாய்வை இடித்தது நீ போன அன்று மத்தியானம். ஓரத்தில் இருந்த செம்பருத்திச் செடியையும் பிடுங்கினோம். அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் டிவிஎஸ்ஸை நிறுத்தி, இறங்காமல் அப்படியே அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் அண்ணன் கல்யாணத்தைச் சொன்னேன், தரகர் சொன்னதைச் சொன்னேன், வயதைச் சொன்னேன். "அவகிட்ட கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். "கேட்டா சரின்னுதான் சொல்லுவா" என்றேன். பாப்பா, உன் நல்ல குணத்தையே உனக்கு எதிராக நான் எடுத்துக்கொண்ட இடம் அது. அவர் அதற்கு மேல் பேசவில்லை. அவர் பேசாததைச் சம்மதம் என்று நான் எழுதிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய், நல்லபடியாக முடிய வேண்டும் என்று மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். பத்தரைக்கு வேன் வந்தது. எல்லோரும் கிரானைட் படியில் ஏறினார்கள். பெண்ணின் சித்தப்பா மட்டும் கீழேயே நின்றார். மில்லில் மெஷினில் மாட்டி ஒரு கால் வளைந்து போனவர் என்று பிறகு தெரிந்தது. பளபளப்பான கல், கோல் ஊன்றினால் வழுக்கியது. அண்ணனும் வேன் ஓட்டி வந்தவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றினார்கள். மேலே வந்து மூச்சு விட்டுக்கொண்டு, மனிதர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "வீடு அம்சமா இருக்குங்க. இம்புட்டு செஞ்ச நீங்க, ஓரமா ஒரு சாய்வு வச்சிருந்தா எங்கள மாதிரி ஆளுக்குச் சௌகரியமா இருந்துருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ஆமாங்க. கட்டும்போது அப்படி ஒண்ணு எங்களுக்குத் தோணவே இல்ல."

இதுதான் உனக்குத் தெரியாதது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். சுண்ணாம்புக் கட்டியோடு தரையில் மண்டியிட்டுக் கிடந்த மனுஷன் பக்கத்தில் நிற்கும்போது, எங்களுக்குத் தோணவே இல்லை என்றேன். அப்பா தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனார். கிணற்றடியில் போய் நின்றுவிட்டார், அவர்கள் கிளம்பும்போதுதான் வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் "ஒரு விஷயத்த மறைச்சேன், சாமி" என்று சொன்னேன். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தீர்ந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ வண்டியை மிதித்துக்கொண்டு, கையால்தான், ஆனால் நீ எப்போதும் மிதிக்கிறேன் என்றுதானே சொல்வாய், வாசலுக்கு வந்தாய். நான் படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ படியைப் பார்த்தாய், செம்பருத்தி இருந்த இடத்தைப் பார்த்தாய். "படி நல்லா இருக்கும்மா" என்றாய். பிறகு, "யாருக்கு?" என்றாய். நான், "ஈரமா கெடக்கு, பாத்து" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்தது. நீ வண்டியிலிருந்து இறங்கி, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினாய். மூன்று படி. இஸ்திரி போட்ட உன் வெள்ளைச் சேலை முழுக்க நனைந்தது. கையில் வாளியோடு நான் நின்றேன். தூக்கப் போயிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், அது தெரியும். ஆனாலும் நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அந்த வாரமே பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாய். பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று உனக்கு நான் சொன்ன காரணத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னாய்.

கல்யாணத்தன்று கோவிலில் அந்தச் சித்தப்பா உன் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிரித்துச் சிரித்து என்னவோ சொன்னாய். பந்தி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, அன்னைக்குத் தோணலன்னீங்களே" என்றார். அவ்வளவுதான். சண்டை போடவில்லை, மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். அவர் நாலு வார்த்தை வைதிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன். உன் அண்ணி ஜெயா வந்து ஒரு மாதம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, ஒரு வார்த்த சொல்லிருந்தா எங்க வீட்ல வேணாம்னா சொல்லிருப்பாங்க? நாங்க சின்ன வயசுல எங்க சித்தப்பா கோலப் புடிச்சுக்கிட்டுத்தான நடந்து பழகுனோம்." அவள் புடைத்துப் போட்ட அரிசியில் கல் பொறுக்குவது போல் நான் குனிந்துகொண்டேன்.

பிறகு உனக்கு அரசாங்க வேலை கிடைத்துத் தேனிப் பக்கம் போனாய். கிறிஸ்துமஸுக்கு வருவாய். பக்கச் சக்கரம் வைத்த உன் ஸ்கூட்டியை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, பிள்ளைகளுக்கு உடுப்பும் கேக்கும் கொடுத்துவிட்டு, "நேரமாச்சும்மா, வாரேன்" என்று கிளம்பிவிடுவாய். உன்னை நான் உள்ளே கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டால் எந்தப் படியில் ஏறச் சொல்வேன்? போன கிறிஸ்துமஸுக்கு உன் அண்ணன் மகள், "பாட்டி, அத்தை ஏன் உள்ள வர மாட்டேங்குது? கோவமா?" என்று கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இடையில் நீ ஒரே ஒரு தடவைதான் உள்ளே வந்தாய், அப்பாவைக் கடைசியாகப் பார்க்க. நாற்காலியோடு நான்கு பேர் உன்னைத் தூக்கி ஏற்றினார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டாய். சின்ன வயதில் என் இடுப்பில் மூடிக்கொண்டதைப் போலவே. அப்பா எதற்காக அத்தனை செங்கலை அடுக்கி அடுக்கிப் பார்த்தாரோ, அது அவர் படுத்திருக்கும்போதே அவர் வாசலில் உனக்கு நடந்தது.

இப்போது எழுத என்ன வந்தது என்று கேட்பாய். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டதால் வீட்டை இன்னொரு தடவை மாற்றிக் கட்டப் போகிறான். எல்லோரும் கடைசி வரை இருக்கிற மாதிரி, கீழேயே இரண்டு அறை கூட்டி. எனக்கும் முழங்கால் தேய்ந்து, அந்தப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். தனக்கு வலித்த பிறகுதான் அம்மாவுக்குப் புத்தி வந்தது என்று நீ நினைக்கலாம். அதில் உண்மை இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கருப்பையா கொத்தனார் முந்தாநாள் வந்தார், தலை நரைத்துப் போச்சு, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "என்னக்கா, இந்தத் தடவ என்னத்த இடிக்கணும்?" என்றார். "அந்தப் படிய" என்றேன். அண்ணன், "ஆமா, அம்மாவுக்கு மூட்டு வலி, ஒரு சாய்வு போட்ருவோம்" என்றான். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "எனக்குன்னு சொல்லாத. அது பாப்பாவோட சாய்வு. நான்தான் இடிச்சேன்." ஜெயா கேட்டாள், கொத்தனார் கேட்டார், சித்தாள் பெண்கள் இரண்டு பேர் கேட்டார்கள். அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூமி பிளந்துவிடவில்லை. இதைச் சொல்லவா எட்டு வருடம் பயந்தேன் என்று இருந்தது.

இடித்த சாய்வில் ஒரு துண்டை அப்பா எடுத்துக்கொண்டு போய் மோட்டார் ரூம் பக்கம் போட்டு வைத்திருந்தார். நல்ல துவைகல் ஆச்சு என்று நான் அதில்தான் இத்தனை வருடமும் துணி துவைக்கிறேன். கொத்தனார்தான் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். அடிப்பக்கத்தில் ஈர்க்குக் கோடு அழியாமல் இருக்கிறது. ஆனால் அதை வைத்துச் சாய்வின் நீளத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறார். செம்பருத்தி வரைக்கும் வந்தது என்று எனக்கு ஞாபகம்; செடி இருந்த இடத்தில் இப்போது போர்டிகோத் தூண் நிற்கிறது. என் நோட்டில் அந்தச் சாய்வுக்கு வாங்கின செங்கலும் சிமெண்டும் இருக்கிறது, அது எவ்வளவு நீளம் என்று நான் எழுதி வைக்கவில்லை. அப்பாவும் இல்லை. அந்த அளவு தெரிந்த ஆள் இனி நீ ஒருத்திதான். தூண் இடைஞ்சல் என்றால் தூணை எடுத்துவிடுவோம், அண்ணன் சரி என்று சொல்லிவிட்டான். கீழே ரோட்டைப் பார்த்த அறை உனக்கு. அதன் கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்றும் தெரியவில்லை. உன் ஸ்கூட்டியை கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன், பின்னால் எத்தனை அடி அகலம் என்று எனக்குத் தெரியாது.

என்னை மன்னித்துவிடு என்று நான் எழுதி, மன்னித்துவிட்டதாக உடனே நீ எழுதி, அதையும் ஒரு மூன்று மந்திரக் கணக்காக முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ வராவிட்டாலும் சாய்வு கட்டத்தான் போகிறேன், முகப்பிலேயே. யார் வந்து யாருக்கு என்று கேட்டாலும் உன் பேரைச் சொல்வேன். ஆனால் உன் கை வலிக்காத அளவில் இருக்க வேண்டும், கொத்தனார் குத்துமதிப்பாகப் போட்டது போல் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை ஆட்கள் வருகிறார்கள். சாய்வின் நீளத்தையும் உன் வண்டியின் அகலத்தையும் எழுதி, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் போடு.

அம்மா